மடிப்பும் பிணைப்பும்

2002ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. சொத்துத் தகராறு அன்று, மணமுறிவும் அன்று. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்கும் பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்கும், அந்நோய்க்காக மாந்தரிடம் முன்னர்ச் சோதித்துப் பாராத மருந்தொன்றை மூளைக்குள் செலுத்தலாமா, கூடாதா என்பதே வழக்கு. இருவருமே தம் விருப்பத்தைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றலை இழந்திருந்தனர். நடை தளர்ந்து, சொல் குழறி, நினைவு மங்கிப் படுக்கையில் கிடந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் நீதிமன்றப் படியேறினர்.

குடும்பப் பிரிவின் தலைமை நீதிபதியாக விளங்கிய எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் அம்மையார் வழக்கைக் கேட்டார். நோய்க்கு வேறு மருந்தில்லை. இம்மருந்தால் தீங்கு நேரவும் கூடும். நலம் வரும் என்னும் உறுதியோ இல்லை. ஆயினும், சிறிதளவேனும் நன்மை கிட்டும் வாய்ப்பு இருக்கையில் அதனை மறுத்தல் முறையாகாது என்னும் முடிவுக்கு வந்து அம்மையார் இசைவளித்தார். சட்டம் படித்தோர் இத்தீர்ப்பைப் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். பிள்ளை பெற்றோர் இதனை ஆராயமாட்டார்கள், படித்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

அம்மருந்தின் பெயர் பெண்டோசன் பாலிசல்பேட். பெயர் நாவில் புரள மறுத்தாலும் பிறப்பு எளியது. ஐரோப்பியக் காடுகளில் வளரும் பீச்சு மரத்தின் கட்டையிலிருந்து சர்க்கரைத் தொடர் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன்மேல் கந்தகமும் உயிர்வளியும் சேர்ந்த சல்பேட் தொகுதிகளை வரிசையாக ஏற்றினால் இம்மருந்து உருவாகும். குருதி உறைவதைத் தடுக்கவும் சிறுநீர்ப்பை வலியைத் தணிக்கவும் மருத்துவர்கள் அதனைக் கையாண்டு வந்தனர். சிறுநீர்ப்பை வலிக்குக் கொடுக்கும் மரத்துச் சரக்குக்கும், கடற்பஞ்சு போல் துளைபட்டு அழியும் மூளைக்கும் என்ன உறவு? மின்னூட்டம் என்பதே அவ்வுறவின் பெயர். அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுத் தொலைவிலிருந்து நடந்து வரவேண்டும்.

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் ஃபோரே என்னும் மக்கள் வாழ்கின்றனர். கடந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவர்களிடையே 'கூரு' என்றொரு நோய் பரவியது. நடுக்கம் என்பது அச்சொல்லின் பொருள். பெண்களும் சிறுவர்களுமே பெரும்பாலும் மாண்டனர். சில ஊர்களில் ஆடவர்க்கு மணம் முடிக்கப் பெண்ணே இல்லாத நிலை வந்தது. 1957இல் வின்சென்ட் சிகாஸ், கார்ல்ட்டன் கைடுசெக் ஆகிய மருத்துவர் இருவரும் இந்நோயை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். பின்னர் மானிடவியலார் அங்கே தங்கி ஆராய்ந்து, இறந்த உறவினரின் உடலைப் பகிர்ந்துண்ணும் ஈமச் சடங்கின் வழியாகவே நோய் பரவியது என்று காட்டினர். இதனைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்போர் பலர். ஆனால் அம்மக்கள் பகைவனைக் கொன்று தின்றவர் அல்லர். அன்புக்குரியவரை மண்ணுக்கும் புழுவுக்கும் விட்டுவிட மனமின்றித் தம்முள் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த அன்பின் வழியே நோய் புகுந்ததுதான் கொடுமை. 1960 வாக்கில் அச்சடங்கு நின்றுபோயிற்று. நோயோ உடனே நிற்கவில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உடலுக்குள் உறங்கிக் கிடந்து பின் வெளிப்பட்ட நிகழ்ச்சிகளும் உண்டு.

1959இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வில்லியம் ஹாட்லோ, கூரு நோயால் மாண்டோரின் மூளையும் 'ஸ்கிரேப்பி' என்னும் நோயால் மாண்ட செம்மறியாட்டின் மூளையும் ஒன்று போலிருப்பதைச் சுட்டி மருத்துவ இதழொன்றுக்கு மடல் எழுதினார். வேலிக்கம்பத்தில் உடலைத் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்து சாகும் ஆடுகளை ஐரோப்பிய இடையர் இருநூறு ஆண்டுகளாக அறிவர். ஆட்டு நோயையும் மலைநாட்டு மாந்தரின் நோயையும் ஒரே மடலில் இணைத்துப் பார்த்த அந்தக் கண்ணே கண்!

இனி, நோய்க்குக் காரணமான பொருள் யாது என்னும் வினா எழுந்தது. இலண்டனில் பணியாற்றிய டிக்வா ஆல்பர் அம்மையார், ஸ்கிரேப்பிப் பொருளின்மீது புறவூதாக் கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார். எந்த நுண்ணுயிரின் மரபுப்பொருளையும் சிதைத்துவிடும் கதிர் அது. ஸ்கிரேப்பி அசையவில்லை. மரபுப்பொருளே இல்லாத ஒன்று எங்ஙனம் பெருகும்? 1967இல் கணித அறிஞர் கிரிஃபித், புரதம் ஒன்றே தன்னைப் போன்ற புரதத்தை உருவாக்க இயலும் என்று ஏட்டளவில் காட்டினார். 1972இல் தம் நோயாளி ஒருவர் இதே வகை நோயால் மாண்டதைக் கண்டு இத்துறைக்குள் வந்த ஸ்டான்லி புருசினர், பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1982இல் அப்புரதத்திற்குப் 'பிரியான்' என்று பெயர் சூட்டினார். நகைத்தவர் பலர், சினந்தவரும் உண்டு. 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1993இல், சூரிக் நகரில் சார்லஸ் வைஸ்மன் குழுவினர் பிரியான் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கி, அவற்றுக்கு ஸ்கிரேப்பியை ஏற்றிப் பார்த்தனர். எலிகள் நோய்வாய்ப்படவில்லை. வாதம் செய்தோர் பலர் அத்துடன் அடங்கினர்.

புரதம் எங்ஙனம் நோயாகும் என்பதைத் தமிழ் படிப்போர்க்கு விளக்குதல் எளிது. தமிழின் முதலெழுத்துகள் முப்பது; புரதத்தின் எழுத்துகள் இருபது. அமினோ அமிலங்கள் எனப்படும் அவ்விருபதும் வரிசை மாறி அமைவதால் உடலின் எல்லாப் புரதங்களும் உருவாகின்றன. மாந்தரின் பிரியான் புரதம் 253 எழுத்துகளாகப் பிறந்து, இரு முனைகளும் கத்தரிக்கப்பட்டு, 208 எழுத்துகளாக நரம்பணுவின் மேற்புறத்தில் தங்குகிறது. அது நோய்ப்பொருள் அன்று. நலமுடைய ஒவ்வொருவர் மூளையிலும் உள்ளது. 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் அது மரத்துண்டு. 'பல கை' என்று பிரித்துப் படித்தால் கைகள் பல. எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. பிரிமொழிச் சிலேடை என்று இலக்கண ஆசிரியர் கூறும் இவ்விந்தையே பிரியானிலும் நிகழ்கிறது. எழுத்து வரிசை ஒன்றே, மடிப்பு வேறு. நலமான புரதத்தில் சுருள்கள் மிகுதி. நோயுற்றதிலோ அச்சுருள்கள் குலைந்து, புரதங்கள் விசிறி மடிப்புப் போன்று தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நெடிய இழைகளாகின்றன.

மடிப்பு மாறிய புரதம் வாளா இருப்பதில்லை. தன்னருகே வரும் நல்ல புரதத்தையும் தன் வடிவுக்கு மாற்றிவிடுகிறது. குடம் பாலில் ஒரு கரண்டி உறைமோர் என்று இதனைக் கூறலாம். உவமை முழுதும் பொருந்தாது: உறைமோரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளன, பிரியானில் உயிரென்று ஒன்றுமே இல்லை. இருப்பினும் கரண்டி மோர் குடத்தையே மாற்றும் விரைவும், மாறியது மீண்டும் பாலாகாத உறுதியும் ஒக்கும்.

இப்பொழுது மின்னூட்டத்திற்கு வரலாம். இருபது அமினோ அமிலங்களுள் லைசினும் ஆர்ஜினினும் உடல் நீரில் நேர்மின்னூட்டம் சுமப்பவை. கத்தரித்த பின் மாந்தர் பிரியான் புரதத்தின் முதல் ஐந்து எழுத்துகள் எவையெனில்: லைசின், லைசின், ஆர்ஜினின், புரோலின், லைசின். ஐந்தில் நான்கு நேர்மின்னூட்டம்! செய்யுளின் தொடக்கச் சீரிலேயே வல்லெழுத்துகளை நிரப்பிவிட்டாற்போன்ற அமைப்பு. இடையிலும் இத்தகைய செறிவு மற்றொன்று உண்டு. இத்தனைக்கும் புரதத்தின் இம்முற்பகுதிக்கு நிலையான வடிவமே இல்லை. 1996இல் கர்ட் வூத்ரிக் குழுவினர் எலியின் பிரியான் புரதத்தின் பிற்பகுதி வடிவத்தைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு முழுப் புரதத்தையும் ஆராய்ந்தபோது, முற்பகுதி நீரில் அசையும் பாசியிழை போல் தளர்ந்து அலைவதைக் கண்டனர். பற்றுக்கோடு தேடும் கொடியின் நுனியும் அப்படித்தான் காற்றில் துழாவும்.

கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். நரம்பணுக்களின் புறத்தே ஹெப்பாரன் சல்பேட் என்னும் நீண்ட சர்க்கரைத் தொடர்கள் நிற்கின்றன. அவற்றின் மேனியெங்கும் சல்பேட் தொகுதிகள், எனவே எதிர்மின்னூட்டம். நேரும் எதிரும் ஈர்த்துக்கொள்ளும் என்பது தொடக்கப்பள்ளி அறிவியல். பிரியான் புரதத்தின் தளர்ந்த முனை ஹெப்பாரன் சல்பேட்டைத் தழுவிக்கொள்கிறது. நோயால் மாண்டோர் மூளையில் காணப்படும் புரதத் திட்டுகளுக்குள்ளும் இந்த ஹெப்பாரன் சல்பேட் கலந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். நல்ல புரதமும் கெட்ட புரதமும் அருகருகே வந்து சேரும் பந்தலாக இத்தொடர் அமைந்துவிடுகிறது போலும்.

அப்படியாயின், பொய்க் கொழுகொம்பு ஒன்றை நட்டால் என்ன? கொடி அதனைப் பற்றிக்கொள்ளும், பந்தலை நாடாது. பெண்டோசன் பாலிசல்பேட்டின் உள்ளுறை இதுவே. ஆயின் இக்கருத்து முதலில் தோன்றி மருந்து பின்னர் வந்தது என்று எண்ணிவிடலாகாது. அறிவியல் வரலாறு பள்ளிப் பாடநூலில் எழுதியிருப்பது போல் ஒழுங்காக நடப்பதில்லை. 1984இல் பெர்லினில் எலெர்சும் டிரிங்கரும் டெக்ஸ்டிரான் சல்பேட் என்னும் எதிர்மின்னூட்டப் பொருளை எலிகளுக்குக் கொடுத்து, ஸ்கிரேப்பி தாமதமாவதையும் சிலவற்றில் அறவே தோன்றாமற் போவதையும் கண்டனர். அக்காலத்தில் நோய்ப்பொருளை ஒரு வைரசு என்றே பலர் கருதினர். வைரசை எதிர்க்கும் மருந்து என்ற எண்ணத்திலேயே இத்தகைய பொருள்கள் சோதிக்கப்பட்டன. காரணம் பிழை, காரியம் சரி. பின்னர்ப் பெண்டோசன் பாலிசல்பேட்டும் இவ்வரிசையில் சேர்ந்தது.

காங்கோ சிவப்பின் கதை இதனினும் சுவையானது. 1883இல் செர்மானிய வேதியியலார் பால் பொட்டிகர் உருவாக்கிய சாயம் அது. பருத்தித் துணியில் நிறம் ஊன்றுவதற்கு வேறு துணைப்பொருள் வேண்டாத சாயமாதலால் ஆலைகளில் விரும்பி வாங்கினர். பின்னாளில் மருத்துவர், நோயுற்ற உறுப்புகளில் தேங்கும் புரத இழைகளின்மீது அச்சாயம் பற்றுவதைக் கண்டு, அவ்விழைகளை இனங்காணும் கருவியாக அதனைக் கொண்டனர். ஒவ்வொரு சாய மூலக்கூற்றிலும் இரண்டு எதிர்மின்னூட்டங்கள். 1992இல் மொன்டானா மாநிலத்து ஹாமில்டன் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் பைரன் காகியும் ரிச்சர்ட் ரேசும் இச்சாயத்தை ஸ்கிரேப்பி பற்றிய நரம்பணு வளர்ப்பில் விட்டனர். கெட்ட புரதம் சேர்வது நின்றது. நல்ல புரதத்திற்கு ஊறு நேரவில்லை. நோயை அடையாளங்காட்டப் பூசிய நிறமே நோயைத் தடுத்து நிறுத்தியது! ஆயினும் அது மருந்தாகவில்லை. உடலுக்குள் சிதையும்போது புற்றுநோய் விளைக்கும் பென்சிடின் என்னும் பொருளை அது விடுவிக்கும். மூளைக்குள்ளும் எளிதில் நுழையாது.

எதிர்மின்னூட்டத் தொடர்கள் புரதத்தைப் பற்றிக்கொண்ட பின் நிகழ்வது யாது? ஒட்டிக்கொண்டு மறைப்பது மட்டுமன்று. 1995இல் வெளியான ஆய்வொன்று, பெண்டோசன் பாலிசல்பேட் போன்றவை நல்ல பிரியான் புரதத்தை அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துச் செல்லத் தூண்டுகின்றன என்று காட்டியது. வாசலில் ஆளில்லையேல் வந்தவன் யாரைக் கெடுப்பான்?

இதுவரை படித்தோர், எதிர்மின்னூட்டம் நண்பன் என்று முடிவு கட்டியிருப்பர். அங்கேதான் இடறல்.

2003இல் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த சுரச்சாய் சுப்பட்டபோன் குழுவினர், சோதனைக்குழாயில் பிரியான் பெருகுவதற்கு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் துணைபுரிகின்றன என்று கண்டனர். ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தால் பெருக்கம் குன்றியது. மீண்டும் சேர்த்தால் வளர்ந்தது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டத் தொடரே. 2007இல் அதே குழுவினர், தூய்மையாக்கிய பிரியான் புரதம், அதனுடன் சேர்ந்துவந்த சிறிது கொழுப்பு, செயற்கை ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, நோய் விளைக்கும் பிரியானைப் புதிதாகவே உண்டாக்கிவிட்டனர். 2010இல் ஒஹையோவில் ஜியான் மா குழுவினர் இன்னும் ஒருபடி சென்று, பாக்டீரியாவில் விளைவித்த புரதத்தை எதிர்மின்னூட்டக் கொழுப்புடனும் ஆர்.என்.ஏ.வுடனும் கலந்து பிரியானாக்கினர்; அதனை ஏற்றிய எலிகள் நோயுற்று மாண்டன. போதாக்குறைக்கு, எலிகளைக் காத்த அதே பெண்டோசன் பாலிசல்பேட், அணுக்களற்ற சோதனைக்குழாயில் புரதத்தின் மடிப்பு மாற்றத்தை ஊக்குவிக்கிறது என்றும் 2001இல் அறியப்பட்டிருந்தது.

ஒரே பொருள் ஓரிடத்தில் காப்பான், மற்றோரிடத்தில் கெடுப்பான். இதில் முரண் ஒன்றுமில்லை. மின்னூட்டத்தின் ஈர்ப்புக்கு நல்லது தீயது தெரியாது. பூட்டுக்குத் திறவுகோல் போல் ஒன்றுக்கு ஒன்றென்று அமைந்த பிணைப்பன்று அது. ஈரக்கையில் மாவு ஒட்டுவதைப் போன்றது. கொழுகொம்பு எங்கே நிற்கிறது, எத்தனை நீளம், எவ்வளவு செறிவு, கொடி இளையதா, முற்றியதா என்பவற்றைப் பொறுத்தே பயனும் கேடும் அமைகின்றன. நுட்பமற்ற இப்பிணைப்பை நம்பி மருந்து செய்வது பேதைமை என்று கூறிய அறிஞர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் நுட்பமான மருந்து ஆயத்தமாகும் வரை காத்திருக்க நோயாளிக்கு நாளில்லை என்பதும் உண்மை.

எதிர்ப்புறத்திலிருந்தும் முயன்று பார்த்தனர். 1999இல் புருசினர் குழுவினர், கிளைகிளையாகப் பரந்த நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் நோயுற்ற அணு வளர்ப்பிலிருந்து பிரியானை அகற்றுவதைக் கண்டனர். 2001இல் குவினக்கிரின் வந்தது. இரண்டாம் உலகப்போரில் நியூகினிக் காடுகளில் போரிட்ட வீரர் மலேரியாவைத் தடுக்க விழுங்கி, தோல் மஞ்சளாகித் திரிந்தனரே, அதே மாத்திரைதான். கூரு நோயின் தாயகமும் நியூகினியே என்பது தற்செயல். ஆயினும் மனத்தைத் தொடும் தற்செயல். குவினக்கிரின் மூளைக்குள் செல்லும், நெடுநாள் பழகிய மருந்து, விலையும் மலிவு. எல்லாரும் நம்பினர். பிரிட்டனில் 107 நோயாளர் பங்குகொண்ட ஆய்வின் முடிவு 2009இல் வெளியாயிற்று. வாழ்நாள் நீளவில்லை. அணு வளர்ப்பில் வென்றது மனித உடலில் தோற்றது. இத்துறையில் இது முதற்றோல்வியும் அன்று, இறுதித் தோல்வியும் அன்று.

இனி அந்த இளைஞனிடம் திரும்பலாம். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தவன் அவன். 2001இல், பதினேழாம் வயதில், கால் தடுமாறத் தொடங்கியது. காரணம் மாட்டிறைச்சியில் இருந்தது. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட 'பைத்தியப் பசு நோய்' பல்லாயிரக்கணக்கான மாடுகளைப் பிடித்தது. புல் தின்னும் மாட்டுக்கு மாட்டெலும்பையும் இறைச்சியையும் பொடித்துத் தீவனமாகக் கொடுத்ததால் வந்த வினை அது. ஃபோரே மக்கள் அன்பினால் செய்ததைத் தீவன வணிகம் இலாபத்திற்காக மாடுகளைச் செய்ய வைத்தது என்று கூறினால் மிகையாகாது. 1996 மார்ச் 20ஆம் நாள், மாந்தரிடம் தோன்றிய புதுவகைக் குரோய்ட்ஸ்பெல்ட்-யாக்கோப் நோய்க்கும் மாட்டு நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அந்நாட்டில் 178 பேர் அப்புது வகை நோய்க்கு இரையாகினர், இளையோரே மிகுதி. நோய் வெளிப்பட்டபின் ஏறத்தாழப் பதினான்கு திங்களே சராசரி வாழ்நாள்.

எலிகளில் பெண்டோசன் பாலிசல்பேட் காட்டிய பயன் காலத்தைப் பொறுத்தது. நோய்ப்பொருளை வயிற்றறையில் ஏற்றிய சில மணி நேரத்திற்குள் ஒரே ஒரு முறை கொடுத்தாலும் காப்பு உண்டு என்று 1999இல் வெளியான ஆய்வு கூறியது. பிரியான் மண்ணீரல் முதலிய உறுப்புகளில் தங்கிப் பெருகும் முன்பே மருந்து முந்திக்கொள்ளவேண்டும். மூளையை அடைந்துவிட்டால் குருதி வழிச் சென்ற மருந்து வாயிலிலேயே நின்றுவிடும்; ஏனெனில் அது பெரிய மூலக்கூறு, மின்னூட்டம் நிறைந்தது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு இத்தகையவற்றை உள்ளே விடாது. எந்த மின்னூட்டம் பிரியானைப் பற்ற உதவுகிறதோ, அதே மின்னூட்டம் மூளையின் கதவைத் தட்ட விடாமல் செய்கிறது! இதற்கொரு வழி கண்டவர் ஜப்பானிய ஆய்வாளர் கட்சுமி டோ-உரா. மூளையின் உள்ளறைக்குள் நேரே மருந்தைச் செலுத்தினால், நோய் முற்றிய எலிகளும் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று அவர் குழு காட்டியது.

அந்த வழியைத்தான் பெல்பாஸ்ட் தந்தை பற்றிக்கொண்டார். தீர்ப்புக் கிடைத்த பின், 2003இன் தொடக்கத்தில், மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் உள்ளறைக்கு மெல்லிய குழாய் செலுத்தினர். வயிற்றுத் தோலடியில் பதித்த சிறு பம்பு அக்குழாய் வழியே மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பியது.

இளைஞன் எழுந்து நடக்கவில்லை. இழந்த பேச்சு மீளவில்லை. ஆனால் இறக்கவுமில்லை. பதினான்கு திங்கள் கடந்தது, ஐந்தாண்டு கடந்தது. 2011 மார்ச்சில், நோய் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும் நிலையில், உயிர் பிரிந்தது. பிரிட்டனில் இதே முறையில் மருந்து பெற்ற எழுவரைப் பற்றிய அறிக்கை 2008இல் வெளியாகியிருந்தது. சிலர் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் வாழ்ந்தனர். மூளைச் சுருக்கம் நிற்கவில்லை என்று படங்கள் காட்டின. மருந்து பயனளித்ததா என்பதை இவ்வெண்ணிக்கை கொண்டு உறுதி செய்ய இயலாது என்று ஆய்வாளர் எழுதினர். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து பெறாத குழுவொன்று முறைப்படி அமைக்கப்படவில்லை. யாரை மருந்தில்லாமல் விடுவது என்று எந்தத் தந்தையிடம் கேட்பது?

நலமற்ற நிலையில் நீண்ட அந்த எட்டாண்டுகள் பேறா, துன்பமா? செய்தித்தாள்கள் அன்று 'அதிசய மருந்து' என்று எழுதின. பின்னர் அதே தாள்கள் வாய் மூடிக்கொண்டன. இரண்டுமே பிழை. மகனின் கட்டிலருகே இருந்த பெற்றோர்க்கு ஒவ்வொரு நாளும் மகனோடு கழிந்த நாள். மருத்துவ அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்கப்படுவதில்லை. அறிக்கை எழுதியோரும் குற்றவாளியல்லர். நம்பிக்கையை எண்ணாக எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்து வரும் நோயாளி ஏமாந்திருப்பார். தந்தையின் விரைவும் ஆய்வாளரின் தயக்கமும் இருவேறு கடமைகள்.

மின்னூட்டத் தொடர்களின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2006இல் காகி குழுவினர் வேறொரு தொடரைச் சோதித்தனர். மரபுப்பொருளின் முதுகெலும்பிலுள்ள உயிர்வளி அணுவொன்றுக்குப் பதிலாகக் கந்தக அணுவைப் பொருத்திச் செய்த சிறு தொடர்கள் அவை. எழுத்து வரிசை எதுவாயினும், வாய்க்கு வந்தபடி எழுதப்பட்டிருந்தாலும், அவை பிரியான் புரதத்தில் ஒட்டின. அணு வளர்ப்பில் நோயைத் தடுத்தன. எழுத்தின் பொருளன்று, மையின் பசையே வேலை செய்தது எனலாம். பின்வந்த ஆய்வாளர் அதே வகைத் தொடரில் பொருளுள்ள வரியை எழுதினர். பிரியான் புரதத்தை உருவாக்க அணு அனுப்பும் ஆணையை அவ்வரி இனங்கண்டு பிடித்து அழித்துவிடும். ஆணை குறைந்தால் புரதம் குறையும். புரதம் குறைந்தால் மடிப்பு மாற இடமேது? 2019இல் எலிகளில் நடந்த சோதனையில், வெறும் ஒட்டுதலால் அன்றி, இந்த வரியைப் படித்தறியும் வழியாலேயே வாழ்நாள் நீண்டது என்று கண்டனர்.

அச்சோதனையில் பங்குகொண்டோருள் ஒருவர் சோனியா வல்லப். 2010இல் அவர்தம் தாயார் பிரியான் நோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு, தம் உடலிலும் அதே மரபுப் பிழை இருப்பதைச் சோதனை வழி அறிந்தார். சட்டம் படித்தவர் அத்தொழிலை விட்டு, கணவர் எரிக் மினிக்கலுடன் ஆய்வுக்கூடத்தில் நுழைந்து, உயிரியலை அடிப்படையிலிருந்து கற்று, முனைவர் பட்டமும் பெற்றார். இலண்டன் நீதிமன்றத்தில் ஒரு தந்தை பிறர் ஆய்வைப் பற்றிக்கொண்டு நின்றார். இங்கே ஒரு மகள் ஆய்வையே தம் கையில் எடுத்துக்கொண்டார். 2024ஆம் ஆண்டில் இவ்வகைத் தொடர் ஒன்று முதன்முறையாகப் பிரியான் நோயாளரிடம் சோதனைக்கு வந்தது. அதுவும் எதிர்மின்னூட்டம் சுமந்த தொடராதலால் குருதி வழி மூளைக்குச் செல்லாது; முதுகுத்தண்டில் ஊசியிட்டு, மூளையைச் சூழ்ந்த நீரிலேயே செலுத்துகின்றனர். அதே நீரைச் சிறிது எடுத்து, அதில் பிரியான் புரதம் எவ்வளவு குறைந்துள்ளது என்று அளந்து பார்ப்பதும் அச்சோதனையின் ஒரு பகுதி.